கதவில் எழுதிய எண்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். பாதி ஆயுளுக்கு மேல் நான் வேலை பார்த்த கோயம்புத்தூர் கம்பெனியில் இப்போது டிரைவர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"அக்கா, பழைய இடைமுகத்தையே இந்தப் பதிப்போட தூக்கிரலாம்னு இருக்கோமுங்க. அதுல உங்க பேரு போட்டு நாலு வரி இருக்குது. பட்டியலைத் தலைகீழாத் திருப்பிக் குடுக்குற நாலு வரி. எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலைங்க. எடுத்துரலாமுங்களா?"

"எடுத்துடு" என்றேன். யோசிக்கவே இல்லை. அவளுக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும். சண்டை போடுவேன் என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருப்பாள். நான் போட்ட சண்டைகளைப் பற்றி அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஊற்றியது ஞாபகம் வந்தது. தேனிக் கடைவீதி வரை நடந்து போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். ஓய்வு பெற்றவள் ஓய்வாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என் கால் இல்லை. "அந்த நாலு வரிக் கதையை எழுதியாவது குடுங்க" என்று மறுநாள் நிவேதா செய்தி அனுப்பினாள். சரி, நடப்பதற்கு எழுதுவது மேல் என்று உட்கார்ந்தேன்.

முதலில், வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை. கணினியில் இயங்குதளம் என்று ஒன்று ஓடுகிறது. அதோடு இணைத்திருக்கும் போர்டுக்குள் ஃபர்ம்வேர் என்ற குட்டி நிரல் ஒன்று ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு பாஷை பேசும். நடுவில் நின்று இவன் சொன்னதை அவனுக்கும், அவன் சொன்னதை இவனுக்கும் மாற்றிச் சொல்கிற நிரல்தான் டிரைவர். இப்படிப் பேசிக்கொள்கிற முறைக்கு இடைமுகம் என்று பெயர். போர்டு செய்கிற கம்பெனிக்காரன் ஒருநாள் தன் பாஷையில் ஒரு சொல்லை மாற்றுவான். நம்மிடம் கேட்க மாட்டான். புதுச் சொல்லும் டிரைவருக்குப் புரிய வேண்டும், பழைய சொல்லையே பேசிக்கொண்டு எங்கோ மலையில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டையும் அது கைவிடக் கூடாது. இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அப்பாவுக்குத் தேனி பஜாரில் இரும்புச் சாமான் கடை. நான் பி.எட். படித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஜெபம். ஆண்டவர் வேறு மாதிரி கேட்டுக்கொண்டார். மதுரையில் பொறியியல் படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கையேடு படித்தேன், ஈயம் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன், திட்டு வாங்கினேன். பிறகு ஜமால் சாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் உத்தமபாளையத்துக்காரர். தேனியும் அதுவும் ஒரே பள்ளத்தாக்கு என்பதால் என்னிடம் கரிசனமாக இருப்பார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நான் ஓடுகிற ஆள், அவர் நிற்கிற ஆள். நான் எழுதிய நிரலைப் படிக்கும்போது உட்கார மாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பக்கம் படிக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு டம்ளர் காப்பி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடலாம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நிரல் நன்றாக இருந்தால் குறை சொல்வார். சுமாராக இருந்தால் இன்னும் நிறையக் குறை சொல்வார். மோசமாக இருந்தால் குறையே சொல்ல மாட்டார். "ஊர்ல மழையா?" என்று கேட்பார். அவர் மழையைப் பற்றிக் கேட்டால் அந்த நிரலை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அர்த்தம்.

அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ. கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கிற மாதிரி, கண்ணாடி வைத்தது. அதற்குள் நாங்கள் இதுவரை விற்ற ஒவ்வொரு வகைப் போர்டும் இருக்கும். மாடல் எண் எழுதி ஒட்டியிருக்காது. எந்த ஊரிலிருந்து கோளாறாகித் திரும்பி வந்ததோ அந்த ஊர்ப் பெயர். மேகமலை, வடுகபட்டி, போடி, வால்பாறை. டிரைவரில் ஒரு எழுத்து மாற்றினாலும், பீரோவைத் திறந்து ஒவ்வொரு ஊரையும் எடுத்து மாட்டி, அந்தப் போர்டுக்கு வந்த எல்லா ஃபர்ம்வேரையும் பழசிலிருந்து வரிசையாக ஏற்றிப் பார்க்க வேண்டும். தானாகச் சோதிக்கிற நிரல் எழுதிவிடலாம் என்று நான் சொன்னேன். "எழுதுங்க. எழுதிட்டு, கையாலயும் மாட்டிப் பாருங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மேகமலைப் போர்டு ஒரு தேயிலைத் தொழிற்சாலையுடையது. இலை வாட்டுகிற இடத்தில் ஈரப்பதம் பார்ப்பது. உணர்கருவியின் வயர் கழன்றால் அது இருநூற்று ஐம்பத்தைந்து என்று காட்டும். இப்படி ஒரு ஈரப்பதம் உலகத்தில் கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், டிரைவரைச் சுத்தம் செய்கிறேன் என்று, அந்த எண் வந்தால் 'பிழை' என்று சொல்லும்படி மாற்றினார். நியாயமான மாற்றம். அங்கே என்ன ஆயிற்று என்றால், தொழிற்சாலைக்காரர்கள் அந்த எண்ணை நம்பித்தான் இருந்தார்கள். அது வந்தால் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும், இலை வீணாகாது என்று அவர்களே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். 'பிழை' வந்ததும் மின்விசிறி நின்றது. சின்னமனூரிலிருந்து அந்தக் கரடுமுரடுச் சாலையில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜமால் சார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே அந்த அர்த்தமில்லாத எண்ணைத் திரும்ப வைத்தார். அவர் செய்தது எனக்கு அன்று பிடிக்கவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்லாமல் அதற்குப் பூசை செய்துகொண்டிருக்கிறார் என்று கேன்டீனில் உட்கார்ந்து பேசினேன்.

கம்பம் விஷயம் அதற்குச் சில வருடங்கள் கழித்து வந்தது.

கம்பத்துக்கு வெளியே, கூடலூர் போகிற சாலையில் ஒரு குளிர்கிடங்கு. தங்கராசு என்பவருடையது. வாழையும் திராட்சையும் வாங்கி அனுப்புகிற வியாபாரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய அறைகள். வாழைக்காய்க்குப் பதிமூன்றரை டிகிரி வேண்டும், அதற்குக் கீழே போனால் தோல் கெட்டுவிடும். திராட்சைக்கு ஒரு டிகிரி போதும். அறைக்கு ஒரு யூனிட். அதிலேயே வெப்பம் பார்க்கிற கருவியும் குளிர்க்காற்று விசிறியும் இருக்கும். இரண்டு யூனிட்டும் ஒரு போர்டில் சேரும், போர்டு கணினியில் சேரும். கணினியும் டிரைவரும் எங்களுடையவை. போர்டும் அதன் ஃபர்ம்வேரும் வேறொரு வெளிநாட்டுக் கம்பெனியுடையவை. ஒவ்வொரு தடவை கணினி எழும்போதும் எங்கள் டிரைவர்தான் அந்த ஃபர்ம்வேரைப் போர்டுக்குள் ஊட்டும்.

ஒன்றாம் அறையில் வாழை, இரண்டாம் அறையில் திராட்சை. ஒருநாள் ஒன்றாம் எண் கதவைத் திறந்தால் உள்ளே மூச்சு புகையாக வந்ததாம். வாழைக்காய் முழுக்கத் தோல் சாம்பல் பூத்துவிட்டது. அடுத்த அறையில் திராட்சை வெதுவெதுப்பாகக் காம்பு தளர்ந்து கிடந்தது. ஆனால் திரையில் ஒரு குறையும் இல்லை. ஒன்றாம் அறை பதிமூன்றரை டிகிரி, இரண்டாம் அறை ஒரு டிகிரி. என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது தங்கராசு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வாழைப் பெட்டிகளை வெயிலில் இறக்கி வைத்திருந்தார்கள்.

"மெசின்ல கோளாறு இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க மேடம். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். கையோடு கட்டட வரைபடத்தை வைத்திருந்தார். "இங்கன பாருங்க. படத்துல கெழக்க இருக்கிறது ஒன்னாம் ரூமு. கம்ப்யூட்டர் பொட்டியும் கெழக்க ஒன்னுங்குது. இந்தக் கதவ மட்டும் பாருங்க."

கிழக்கு அறைக் கதவில் பெரிதாக '2' என்று இருந்தது. மேற்குக் கதவில் '1'. இரண்டுக்கும் அடியில் பழைய எண் மங்கலாகத் தெரிந்தது. யாரோ அழித்து மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

"யாரு மாத்துனது?"

"எல்லாம் எந் தங்கச்சி மாப்ளதான். மாரியப்பன். இங்கன ஆப்பரேட்டரு. தண்ணியில எழுதுனானோ தூக்கத்துல எழுதுனானோ. தோட்டம் வச்சிருக்க சம்சாரிக நம்பிக் குடுத்த காயி மேடம். நாளைக்கு இந்தப் பள்ளத்தாக்குல எவன் எனக்குக் காய் குடுப்பான்? அவன் தப்புன்னு எழுத்துல இருந்தாத்தான் நான் ஊருக்குள்ள நிமிந்து பேச முடியும்."

அந்த நேரம் பார்த்து எங்கள் விற்பனை மேலாளரும் போனில் வந்தார். அவர் கேட்டதும் அதே தாள்தான். எழுதிக் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் வந்துவிடு என்றார். வரைபடம், திரை, போர்டு மூன்றும் ஒன்று சொல்கின்றன. கதவு மட்டும் வேறு சொல்கிறது. எழுதிக் கொடுத்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

மாரியப்பன் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் மனைவி செல்வி சோற்றுத் தூக்கோடு வந்து, அண்ணன் நிற்கிற பக்கம் பார்க்காமல், சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அந்தத் தூக்கு திறக்காமலே இருந்தது.

"அண்ணே, கதவு நம்பர நீங்களா மாத்துனீக?"

"நாந்தான் மேடம்." மறைக்கவில்லை. "சித்திரையில ரெண்டு ரூமும் காலியாக் கெடந்துச்சு. சர்வீஸ்காரக வந்து பொட்டியில எதையோ ஏத்திட்டுப் போனாக. மறுநா ஒன்னாம் ரூமு காத்தாடியப் போட்டா ரெண்டுல ஓடுது. ரெண்டப் போட்டா ஒன்னுல ஓடுது. திரையில பேர மாத்தலாம்னா அதுக்குப் பாஸ்வேர்டு வேணும். சர்வீஸ்காரகளுக்குப் போன் போட்டேன், எடுக்கல. காயி மறுநா வருது. பெயிண்ட எடுத்துக் கதவ மாத்திட்டேன்."

"கதவ ஏண்ணே மாத்துனீக?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் முன்ன வாய்க்காலுல நீர்பாய்ச்சியா வேல பாத்தவன் மேடம். ஆபீஸ்ல மடை நம்பர மாத்தி எழுதிட்டாகன்னா, ஆபீஸுக்கு நடந்தா செருப்புத்தான் தேயும். அதுக்குள்ள பயிரு காஞ்சுரும். மடைக் கல்லுல இருக்கிற நம்பர அழிச்சிட்டு அவுக சொல்ற நம்பர எழுதிருவோம். ஆபீஸு மாறாதுல்ல? பொட்டியும் மாறாதுன்னு நெனச்சேன். ஆவணி வரைக்கும் மாறல. காயி ஒன்னுகூட வீணாப் போகல."

"ஒங்க மச்சான்கிட்டச் சொன்னீகளா?"

"அன்னைக்கே சொன்னேன். 'சரி சரி'ன்னாக. யாருகூடயோ போன்ல வெல பேசிக்கிட்டிருந்தாக."

செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தார். "இவுக சொல்றது நெசம் மேடம். கையெல்லாம் பெயிண்டோடதான் அன்னைக்கு வீட்டுக்கு வந்தாக. எங்கண்ணன் எங்க வீட்டுப் பக்கம் வந்து பத்து நாளாச்சு. ஊர்ல எல்லாரும் இவுக குடிச்சுட்டு எழுதுனாகன்னு பேசுறாக. இவுக அத மோந்துகூடப் பாத்ததில்ல."

எனக்கு அவர் சொன்னது பொய்யாகப் படவில்லை. குடித்தவன் கை எழுதிய எண் அல்ல அது. அளவு பார்த்து, ஓரம் கட்டி எழுதியிருந்தது. ஆனால் எனக்குப் படுவதை வைத்துத் தங்கராசு என்ன செய்வார்? கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

ஜமால் சாரிடம் எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன். அவர் கேட்டார்.

"அங்க எத்தனை அறை?"

"ரெண்டு சார்."

"நம்ம பீரோ போர்டுல எத்தனை யூனிட் மாட்டிச் சோதிக்கிறோம்?"

"ஒன்னு சார்."

ஒரு யூனிட் இருந்தால் அதற்கு ஏது வரிசை? அவருக்கும் அது உறைத்தது. பிறகு, "இங்க நல்ல மழை எஸ்தர்" என்றார். அவர் தன் வேலையைப் பற்றியே மழை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பீரோவைத் திறந்து அந்தப் போர்டில் இரண்டு யூனிட்டை மாட்டி, பழைய ஃபர்ம்வேர்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். மத்தியானத்துக்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. முதல் பதிப்பில், வயரை எந்தத் துளையில் மாட்டியிருக்கிறார்களோ அந்த வரிசைப்படி போர்டு யூனிட்டுகளைச் சொல்லும். சித்திரையில் ஏற்றியது நடுப் பதிப்பு. அது, யூனிட்டின் முதுகில் பொறித்த எண்ணின் வரிசைப்படி சொல்லும். கம்பத்தில் அந்த எண்கள் எதிர்ப்பக்கமாக அமைந்துவிட்டதால் ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. எங்கேயிருந்தோ யாரோ முறையிட்டிருக்க வேண்டும். மூன்றாம் பதிப்பில் பழையபடி துளை வரிசைக்கே திரும்பிவிட்டார்கள். சர்வீஸ்காரர்கள் அதைக் கணினியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருநாள் நீண்ட நேரம் கரண்டு போய், பேட்டரியும் தீர்ந்து, கணினி அணைந்து எழுந்தபோது அது உயிர் பெற்றது. அன்று மாரியப்பன் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குச் சின்னமனூர் போயிருந்தார். கரண்டு வந்தால் அலாரம் கத்துவது வழக்கம்தானே என்று காவல்காரர் அதை நிறுத்திவிட்டார். மாரியப்பன் திரும்பி வந்தபோது திரை சமத்தாக இருந்தது.

இடைமுகத்துக்கென்று ஒரு பதிப்பு எண் உண்டு. பேச்சு மாறினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும், அதைப் பார்த்துத்தான் டிரைவர் நடந்துகொள்ளும். மூன்று ஃபர்ம்வேரிலும் ஒரே எண். நடுப் பதிப்போடு வந்த குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று இருந்தது. மூன்றாம் பதிப்பின் குறிப்பிலும் 'சிறு திருத்தங்கள்' என்றுதான் இருந்தது. ஜமால் சார் அதைப் போனில் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார், குரலை உயர்த்தாமல்.

தங்கராசுவை இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்க வைத்தேன். நடுப் பதிப்பை ஏற்றினேன். திரையில் ஒன்றாம் அறை விசிறியை அழுத்தினேன். மேற்கே, மாரியப்பன் '1' என்று எழுதிய கதவுக்குப் பின்னால் விசிறி ஓடியது. பிறகு மூன்றாம் பதிப்பை ஏற்றப் போனால் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட மாரியப்பனைத்தான் கூப்பிட வேண்டும். தங்கராசு கூப்பிடவில்லை. நானும் அவரும் வேர்த்து ஒழுக, அந்த இடைகழியில் கூண்டுக்குள் விட்ட மாதிரி நடந்துகொண்டிருந்தோம். யாரும் சொல்லாமலே கொட்டகையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மூன்றாம் பதிப்பு ஏறியது. அதே பொத்தானை அழுத்தினேன். இப்போது கிழக்கே ஓடியது.

"இன்னொருக்கப் போடுங்க" என்றார். போட்டேன். இன்னொரு தடவையும் போட்டேன்.

"அப்ப மாப்ள சொன்னது நெசந்தானாக்கும்" என்றார் தங்கராசு. சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

விற்பனை மேலாளர் கேட்ட தாளை ஜமால் சாரே எழுதினார். ஆப்பரேட்டர் மேல் தவறு இல்லை, நாங்கள் கொடுத்த மென்பொருளோடு போன மாற்றத்தால் வந்தது என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். மேலாளர் அதற்குப் பிறகு அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜமால் சாருக்கு அது ஒரு வசதியாகக்கூட இருந்திருக்கலாம்.

அடுத்து எனக்கும் அவருக்கும் சண்டை. நான் சொன்னேன்: "மூணாவது பதிப்பு சரியான வரிசைக்கு வந்துடுச்சு சார். கதவை மறுபடியும் மாத்தி எழுதச் சொல்லிட்டா முடிஞ்சுது. நம்ம டிரைவரை ஏன் அசிங்கப்படுத்தணும்?"

"எத்தனை கதவு?" என்றார்.

நடுப் பதிப்பு போன இடங்களுக்கெல்லாம் நானே உட்கார்ந்து போன் போட்டேன். இரண்டு நாள் தொண்டை வற்றியது. வரிசை மாறிய எல்லா இடத்திலும் எதையாவது செய்து சமாளித்திருந்தார்கள். ஒரு இடத்தில் திரையின் மேலேயே காகிதம் ஒட்டியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் ஒன்றை இரண்டு என்று சொல்லியே வாய் பழகிவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னவர் ஒருவரும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம்தான். நான் ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்ல, ஜமால் சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாம சரின்னு நினைக்கிறது நம்மோடயே இருக்கட்டும்மா. அங்க ஒருத்தர் போர்டு சொன்னதை நம்பிப் பெயிண்ட் வாங்கிட்டார். இனிமே அவர் எழுதினதுதான் வரிசை" என்றார்.

நடுப் பதிப்பு ஒரு தடவையாவது ஓடிய போர்டின் நினைவகத்தில் அதன் அடையாளம் தங்கியிருக்கும். அதை டிரைவர் பார்க்கும். இருந்தால், போர்டு எப்படிச் சொன்னாலும், பொறித்த எண் வரிசைப்படியே யூனிட் பட்டியலை மேலே கணினிக்குக் கொடுக்கும். கம்பத்துக்கு அது தலைகீழ். இல்லாத போர்டுகளுக்குப் பழையபடி. புதிதாக வருகிறவர்கள் வரிசையை நம்பவே வேண்டாம், யூனிட்டைப் பொறித்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று ஒரு புது இடைமுகமும் கொடுத்தோம். எல்லாம் சேர்ந்து பெரிய வேலை. கம்பத்துக்கென்று பார்த்தால் நாலு வரி. நான்தான் எழுதினேன். ஜமால் சார் அதற்கு நிறையக் குறை சொன்னார்.

நிவேதா கேட்டது அந்த நாலு வரியைத்தான். அந்தக் கிடங்கு இன்று இல்லை, இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மற்ற இடங்களிலும் போர்டுகள் மாறிவிட்டன. அதனால்தான் தயங்காமல் எடுத்துடு என்றேன், வரிகள் போவதில் எனக்கு வருத்தம் கிடையாது. என்னை நடக்க வைத்தது அதற்கு அடுத்து நடந்தது.

புது டிரைவரை ஏற்ற நானே மறுபடி கம்பம் போனேன். காலையில் ஏற்றி முடித்தேன். பொத்தானை அழுத்தினால் மேற்கு விசிறி ஓடியது. மாரியப்பன் எழுதிய கதவும் திரையும் ஒன்றாயின. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவரிடம் காட்ட வேண்டும் என்று தேடினால் ஆள் இல்லை. தங்கராசு வெளியூர் போயிருந்தார். மாரியப்பன் வேலையை விட்டுவிட்டார், ஜீப் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார் என்று காவல்காரர் சொன்னார். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒன்றின் பின்பக்கத்தில் மாரியப்பன் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பை.

"அண்ணே, ஒங்க நம்பர்தான் சரின்னு ஆக்கியாச்சு. கதவ இனி யாரும் தொட வேண்டியதில்ல. எங்க சார் ஒங்க மேல தப்பில்லன்னு எழுதியே குடுத்துட்டாரு. பெறகு ஏன் போறீக?"

"சந்தோசம் மேடம். அந்தத் தாள செல்வி பத்திரமா வச்சிருக்கா." ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மச்சான் என்னையக் கூப்ட்டாக. வேலைக்கு வாங்கன்னாக. நான் மொத நாளே சொன்னத நம்பல மேடம். நீங்க காத்தாடியப் போட்டுக் காட்டவும் நம்பிட்டாக. நாளைக்கே பொட்டி வேற மாதிரி சொல்லுச்சுன்னா?"

"சொல்லாதுண்ணே. நாந்தான் எழுதியிருக்கேன். எப்பவும் மாறாது."

"பொட்டிக்கு நீங்க இருக்கீக" என்றார். குரலில் கோபம் இல்லை. "எத்தன பேரு ஒக்காந்து போன் போட்டு, எழுதி, அது சொன்ன சொல்லக் காப்பாத்துறீக. எஞ்சொல்லுக்குச் செல்வியத் தவிர எங்கூட்டு ஆளுக ஒருத்தர்கூட நிக்கல."

ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் இன்னும் இரண்டு பேர் நெருக்கி ஏறினார்கள். ஜீப் கிளம்பிக் குமுளிப் பக்கம் திரும்பியது.

நான் அங்கேயே நின்று தங்கராசுவுக்குப் போன் போட்டேன். "ஒங்க மாப்பிள்ளை ஜீப் ஏறிட்டாரு. இன்னும் கூடலூர் தாண்டியிருக்காது. நீங்க ஒரு போன் போட்டுப் பேசுனா எறங்கிருவாரு" என்றேன்.

"அவனுக்குக் கோவம் தணிஞ்சா தானா வருவான் மேடம்" என்றார் தங்கராசு. "அத விடுங்க. ஒன்னாம் ரூமு இப்ப எவ்வளவு காட்டுது?"

நான் கிடங்கிலிருந்து வரும்போது பதிமூன்றரை காட்டியது. அதைச் சொன்னேன். அவர் உடனே நம்பினார்.